எட்டுக்கு நாலு பலகையில் ஒரு வீடு

பிளைவுட் கடைக்குப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது தடிமனைத்தான். "எத்தனை எம்.எம். வேணும்?" என்பார். நீள அகலத்தைக் கேட்க மாட்டார். பலகை என்றால் எட்டுக்கு நாலு என்பது வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். அமெரிக்காவிலும் அதே எட்டடி, அதே நாலடிதான். அங்கே இந்த ஓர் அளவிலிருந்து ஒரு வாகனமே பிறந்திருக்கிறது.

காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப்போகிற சின்ன மரவீடு அது. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். பின்பக்க மூடியைத் தூக்கினால் அங்கே அடுப்பங்கரை. முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து இறங்குவதால் 'டியர்டிராப்' என்று பெயர் வந்தது. கண்ணீர்த்துளி என்று பொருள். இந்தக் கட்டுரையில் நாம் துளி வண்டி என்றே சொல்லிக்கொள்வோம்.

துளி வண்டியின் பக்கச் சுவர் எட்டடி நீளம், நாலடி உயரம். அதாவது ஒரு முழுப் பலகை. இரண்டு பக்கத்துக்கு இரண்டு பலகை, தரைக்கு ஒன்று. வண்டியின் அகலமும் நாலடிதான். ஐந்தடி அகலத்தில், பத்தடி நீளத்தில் கட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் மூல அளவு பலகையின் அளவுதான். உள்ளே எழுந்து நிற்க முடியாது, உட்காரலாம், படுக்கலாம், அவ்வளவே. நிற்கிற வேலை எல்லாம் வெளியில். அதனால்தான் சமையலறை வெளிப்புறம் திறக்கிறது. படுப்பவர் கால் நீட்டும் இடத்துக்கு மேலே தட்டு முட்டுச் சாமான் அலமாரி வந்துவிடும். ஒரு சாண் இடமும் சும்மா கிடப்பதில்லை.

இதை வீட்டிலேயே கட்டிக்கொள்ள நினைக்கிறவர்கள் எல்லோரும் பயப்படுவது வளைவைப் பார்த்துத்தான். நேர்ச் சுவரை எழுப்பிவிடலாம், மரத்தை எப்படி வளைப்பது என்று தயங்குவார்கள். என் கருத்து வேறு. வளைவு கற்றுக்கொள்ளக்கூடியது. அது நமக்கு உதவியும் செய்யும். இந்த வண்டியில் உண்மையாகவே பயப்பட வேண்டியது தண்ணீருக்கு.

இதன் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1930 வாக்கில் கலிபோர்னியாவின் பசடேனா நகரில் லூயிஸ் ராஜர்ஸ் என்பவர் தம் தேனிலவுப் பயணத்துக்காகக் கட்டிய வண்டியைத்தான் முன்னோடி என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அது வளைவுகளின் காலம். 1934-இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் ஏர்ஃப்ளோ கார் உருண்ட மூக்கோடு வந்தது. 1936-இல் வாலி பயாமின் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் என்ற பளபளக்கும் அலுமினிய ட்ரெய்லர் வந்தது. காற்றைக் கிழித்துப்போகும் உருவம் என்றால் முன்னே மழுங்கி, பின்னே கூம்பி இருக்க வேண்டும் என்பது விமானக்காரர்கள் கண்டுபிடித்தது. காற்றின் இழுப்பில் பெரும்பங்கு வண்டியின் பின்னால் உண்டாகும் சுழலால் வருகிறது. பின்பக்கம் மெல்லச் சரிந்தால் காற்று உடலை ஒட்டியே வழிந்து போய்ச் சேர்ந்துகொள்ளும், சுழல் சிறுக்கும். ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். விழுகிற மழைத்துளி இந்த வடிவத்தில் இருப்பதில்லை. சிறு துளி உருண்டையாக இருக்கும். பெரிய துளி அடிப்பக்கம் தட்டையாகி, பன் ரொட்டி போல இருக்கும். கண்ணீர்த்துளி வடிவம் ஓவியர்கள் நமக்குப் பழக்கிவிட்டது.

அதே 1934-இல் இன்னொன்று நடந்தது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் அபர்டீன் ஊரில், ஹார்பர் பிளைவுட் நிறுவனத்தில் ஜேம்ஸ் நெவின் என்ற வேதியியலாளர் முழுக்க நீர் தாங்கும் பசையை உருவாக்கினார். அதுவரை பிளைவுட் வீட்டுக்குள் இருக்க வேண்டிய பொருள். நனைந்தால் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். நீர் தாங்கும் பசை வந்தபிறகுதான் பிளைவுட்டை நம்பி வெளியே, மழையில், சாலையில் கொண்டுபோக முடிந்தது. துளி வண்டியின் கதையில் ஏர்ஃப்ளோ காரைவிட இந்தப் பசைக்குத்தான் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வண்டிக்குப் பொற்காலம். போருக்காகப் பெருக்கிய அலுமினியம் சந்தைக்கு வந்தது. ஊர் சுற்ற ஆசைப்பட்ட இளம் குடும்பங்களிடம் பெரிய வண்டிக்குக் காசில்லை. 1947 செப்டம்பரில் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகை துளி வண்டியின் வரைபடத்தை வெளியிட்டது. கார் நிறுத்தும் கொட்டகையில் ரம்பமும் சுத்தியலும் வைத்திருந்த சாதாரணக் குடும்பத் தலைவர்கள் அதைப் பார்த்து வண்டி கட்டினார்கள். 1956-இல் நாடு தழுவிய நெடுஞ்சாலைத் திட்டத்துக்குச் சட்டம் வந்தது. கார்களும் பெருத்தன, இழுவண்டிகளும் பெருத்தன, துளி வண்டி மறைந்தது. 1990-களில் இணையம் வந்து பழைய வரைபடங்களைக் கைமாற்றிக்கொள்ள வழி பிறந்தபிறகு மறுபடி உயிர்பெற்றது. இன்று கட்டுகிறவர்கள் பலரும் அந்த 1947 வரைபடத்தின் வளைவையே கொஞ்சம் மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள்.

இனி கட்டும் வேலை. அடியில் இரும்புச் சட்டம், ஓர் அச்சு, இரண்டு சக்கரம், பட்டை வில். இதைப் பெரும்பாலோர் தயாராகவே வாங்கிவிடுகிறார்கள். கவனிக்க வேண்டியது எடை எங்கே உட்காருகிறது என்பதுதான். கட்டி முடித்த வண்டி ஏறத்தாழ 350 முதல் 450 கிலோ இருக்கும். மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு காரின் கொக்கியின்மேல் அமுங்க வேண்டும். 400 கிலோ வண்டி என்றால் கொக்கியில் 40 முதல் 60 கிலோ. இதைவிடக் குறைந்தால், வேகம் பிடித்ததும் வண்டி வால் ஆட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் காரையே சாலையிலிருந்து இழுத்துத் தள்ளிவிடக்கூடியது. அடுப்பங்கரை பின்னால் இருக்கிறது. தண்ணீர்க் குடம், அடுப்பு, பாத்திரம் எல்லாம் அங்கேதான் ஏறும். ஆகவே சாமான் எல்லாம் ஏற்றியபிறகு, உடல் எடை பார்க்கும் தராசைக் கொக்கியின் கீழே ஒரு கட்டை வைத்து முட்டுக்கொடுத்து எடை பார்த்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் யாரும் சாலையில் இறங்கக் கூடாது.

தரைப்பலகையின் அடிப்பக்கத்துக்குத் தார் பூச்சு. சட்டத்தின்மேல் அதைப் போல்ட் போட்டு இறுக்கியபின் சுவர். சுவரின் வளைவை வரைவது அழகான வேலை. பலகையைத் தரையில் படுக்கவைத்து, வளைவு போக வேண்டிய இடங்களில் ஏழெட்டு ஆணி அடிப்பார்கள். மெல்லிய, முடிச்சு இல்லாத ஒரு ரீப்பரை அந்த ஆணிகளைத் தொட்டுக்கொண்டு வளைத்துப் பிடித்துப் பென்சிலால் கோடு இழுப்பார்கள். ரீப்பர் தன் இயல்பில் எப்படி வளைகிறதோ அதுதான் கோடு. எங்காவது ஓர் ஆணி தவறி நின்றால் ரீப்பர் அங்கே முண்டும், கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். படகு கட்டுகிறவர்கள் காலங்காலமாகச் செய்கிற முறை இது. இதில் ஒரு நுட்பம் உண்டு. மரமே வரைந்த கோடு என்பதால், பிறகு அதே கோட்டின்மேல் கூரைப்பலகையும் முரண்டு பிடிக்காமல் படியும்.

கோட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் வெளியே ஜிக்சாவால் அறுத்து, இரண்டு சுவரையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒருசேர உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல் ஆகும்வரை விடக் கூடாது. கதவுக்கு அறுத்தெடுத்த துண்டே கதவாகிவிடும். கதவின் மூலைகளை உருட்டித்தான் அறுப்பார்கள். கூர்மூலையில் அதிர்ச்சி எல்லாம் ஒரே புள்ளியில் குவிந்து, சாலைக் குலுக்கலில் அங்கிருந்துதான் விரிசல் ஓடும்.

இரண்டு சுவரையும் எதிரெதிரே நிறுத்திக் குறுக்கே கட்டைகள் கொடுத்தால், மீனின் முள்ளெலும்பு போல ஒரு கூடு நிற்கும். அதன்மேல் கூரைப்பலகையை வளைத்துப் போர்த்துவதுதான் எல்லோரும் அஞ்சும் இடம்.

பலகையை வளைக்கும்போது வெளிமுகம் நீள்கிறது, உள்முகம் சுருங்குகிறது. நடுவில் ஓர் அடுக்கு மட்டும் நீளுவதுமில்லை, சுருங்குவதுமில்லை. பலகை தடித்தால் வெளிமுகம் அந்த நடு அடுக்கிலிருந்து விலகிப்போகிறது, கூடுதலாக நீள வேண்டியிருக்கிறது. ஒரு கட்டத்தில் நார் தாங்காமல் பிளந்துவிடுகிறது. விறைப்போ இன்னும் வேகமாகக் கூடும். தடிமன் இரண்டு மடங்கானால் வளைக்க வேண்டிய பலம் எட்டு மடங்கு. 3 மில்லிமீட்டர் பலகையை ஒரு கையால் வளைக்கிறவர், 6 மில்லிமீட்டர் பலகையை வளைக்க ஆள் கூப்பிட வேண்டியிருப்பது அதனால்தான்.

இந்த மும்மடிக் கணக்கை நமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ளலாம். 6 மில்லிமீட்டர் பலகை ஒன்றுக்குப் பதில் 3 மில்லிமீட்டர் பலகை இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு வளையும்வரை இரண்டுக்கும் சேர்த்து ஒற்றைப் பலகையைப்போல் இரண்டு மடங்கு பலம்தான் வேண்டும். வளைந்த நிலையில் நடுவே பசை தடவிக் காயவிட்டால், அவை இனி வழுக்க முடியாது. இரண்டும் ஒரே 6 மில்லிமீட்டர் பலகையாகிவிடும். அதை நிமிர்த்த எட்டு மடங்கு பலம் தேவை. வளைக்கும்போது இரண்டு, வளைந்தபின் எட்டு. வளைவு தானாகவே பூட்டிக்கொள்கிறது.

இன்னொரு சூட்சுமம் மரத்தின் நார் ஓடும் திசை. சாதாரண மூன்று ஏட்டுப் பலகையில் மேலேடும் கீழேடும் எட்டடி நீளவாக்கில் நார் ஓடும், நடு ஏடு குறுக்கே ஓடும். பலகையை நீளவாக்கில் வண்டியின்மேல் விரித்து வளைக்கப் பார்த்தால், இரண்டு மேல் ஏடுகளின் நாரையும் இழுத்து நீட்ட வேண்டும். அது முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். அதே பலகையை நடுவில் அறுத்து நாலுக்கு நாலு துண்டு இரண்டாக்கி, கால் திருப்பு திருப்பிப் போடுங்கள். இப்போது மேல் ஏடுகளின் நார் வண்டியின் குறுக்கே ஓடுகிறது. பாயைச் சுருட்டுவதுபோல் பலகை படிந்துவரும். இரண்டு துண்டும் சந்திக்கும் கோடு ஒரு குறுக்குக்கட்டையின் நடுமுதுகில் விழ வேண்டும், அவ்வளவே.

அப்படியும் முன்பக்கத்து இறுக்கமான வளைவில் பலகை முனகும். அங்கே கொதிநீரில் நனைத்த பழைய துண்டுகளைப் பலகையின் வெளிமுகத்தில் போர்த்திக் கொஞ்ச நேரம் வைப்பார்கள். சூடும் ஈரமும் சேர்ந்து மரநாரைப் பிணைத்திருக்கும் லிக்னினை இளக்கும். பிறகு இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம், சுவரின் அடியில் ஒரு முனையை ஸ்க்ரூ போட்டுப் பிடித்துவிட்டு, உள்ளங்கையால் அழுத்தியபடி கட்டை கட்டையாக மேலே நகர்வார்கள். அவசரப்படக் கூடாது. காது கொடுத்துக் கேட்க வேண்டும். மெல்லிய நெறுநெறுப்பு வந்தால் நிறுத்திவிட்டு, இன்னொரு முறை வெந்நீர்த் துணி. வார்ப்பட்டையை மேலே சுற்றி இறுக்கி ஓர் இரவு அப்படியே விட்டால், காலையில் பலகை தன் பழைய நேர்க்கோட்டைப் பாதி மறந்திருக்கும். நன்றாகக் காய்ந்தபிறகுதான் பசை. ஈரமரத்தில் பசை பிடிக்காது.

கூரையை ஒரே பலகையாக எண்ணக் கூடாது. உள்கூரை ஒன்று, அதன்மேல் குறுக்குக்கட்டைகள், கட்டைகளின் இடைவெளியில் தெர்மாகோல் போன்ற நுரைப்பலகை, விளக்குக்கும் விசிறிக்கும் ஒயர், அதன்மேல் வெளிக்கூரை. இரண்டு மெல்லிய தோலும் நடுவே இடைவெளியும் சேர்ந்து, எடை ஏறாமல் விறைப்பு மட்டும் பன்மடங்கு ஏறுகிறது. அட்டைப்பெட்டியின் நெளிவுத் தாளில் இருப்பதும் இதே தத்துவம். வெயிலும் குளிரும் தடுக்கப்படுவது கூடுதல் லாபம்.

பின்மூடிதான் கைத்திறனுக்குச் சோதனை. அதற்கும் சுவரின் அதே வளைவில் விலா எலும்புகளை அறுத்து, தோல் போர்த்திக் கட்டுகிறார்கள். வண்டியின்மேல் வைத்துக் கட்டும்போது கச்சிதமாக இருக்கும். கழற்றி எடுத்ததும் கொஞ்சம் விரிந்துகொள்ளும். மறுபடி பொருத்தினால் அடியில் விரல் நுழையும் அளவு இடுக்கு. வளைத்து ஒட்டிய எந்த மரமும் கொஞ்சம் நிமிரத்தான் பார்க்கும். எவ்வளவு நிமிரும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரே தடிமனுள்ள இரண்டு ஏடு ஒட்டினால் வளைவில் நாலில் ஒரு பங்கு திரும்பும். மூன்று ஏடானால் ஒன்பதில் ஒரு பங்கு, நாலு ஏடானால் பதினாறில் ஒரு பங்கு. ஏடுகளின் எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கி வகுக்க வேண்டும். விலா எலும்புகள் பிடித்துக்கொள்வதால் மூடியில் இந்த அளவு திரும்பாது. ஆனாலும் தெரிந்த கைகள் விலாக்களைத் தேவைக்குச் சற்றே இறுக்கமான வளைவில் அறுத்துக்கொள்ளும்.

இனி தண்ணீர்.

மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அது வளராது. 30 விழுக்காட்டை எட்டும்போது செழித்து வளரும். ஒரு ஸ்க்ரூ துளை வழியே சொட்டுச் சொட்டாக இறங்கும் நீர் பிளைவுட்டின் விளிம்பில் ஏறினால் போதும். அலுமினியத் தகடு வெளியே பளபளத்துக்கொண்டிருக்க, உள்ளே சுவர் மாவாகிக்கொண்டிருக்கும். பழைய வண்டிகளைப் பிரித்துப் புதுப்பிக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது இந்தக் கறுத்த, நைந்த விளிம்பைத்தான். பலகையின் முகம் நீரை மெதுவாகத்தான் குடிக்கும். விளிம்பு உறிஞ்சுகுழல் மாதிரி இழுக்கும், ஏனென்றால் அங்கே நாரின் வாய்கள் திறந்திருக்கின்றன. ஆகவே வார்னிஷைத் தின்னர் கலந்து நீர்த்துப்போகச் செய்து, விளிம்பு குடிக்கக் குடிக்கப் பூச வேண்டும். கதவு, ஜன்னல், கூரை விசிறி என்று அறுத்த துளைகளின் உள்விளிம்பையும், ஸ்க்ரூ துளைகளையும் விடக் கூடாது. இது அலுப்பான வேலை, யாரும் புகைப்படம் எடுத்துக் காட்டாத வேலை. வண்டி பத்து வருடம் நிற்குமா, இரண்டு மழைக்காலத்தில் சாயுமா என்பது இதில்தான் இருக்கிறது.

வெளித்தோலாக அலுமினியத் தகடு போடுகிறவர்கள் அதைக் கூரைமேல் ஒட்டிவிடக் கூடாது. வெயிலில் தகடு 40 டிகிரி கூடுதலாகச் சூடானால் எட்டடி நீளத்தில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். மரம் அந்த அளவு நீளாது. ஒட்டியிருந்தால் தகடு கொப்புளம் கொப்புளமாக எழும்பும். விளிம்பில் மட்டும் பட்டி வைத்து, அடியில் இறுகிப்போகாத பியூட்டைல் நாடா கொடுத்துப் பிடித்தால், தகடு தன் போக்கில் நீண்டு சுருங்கிக்கொள்ளும். அலுமினியத்துக்குக் காசு செலவழிக்க முடியாதவர்கள் கித்தான் துணியை மரப்பசையில் தோய்த்து ஒட்டி, மேலே வெளிச்சுவர் பெயின்ட் பல கை அடிக்கிறார்கள். அங்கே அதற்கு 'ஏழையின் ஃபைபர்கிளாஸ்' என்று பெயர். பின்மூடிக்குச் சூறாவளிக் கீல் என்ற ஒரு தனிக் கீல் உண்டு. இரண்டு நீள அலுமினியப் பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போட்டதுபோல் செருகி நிற்கும். நடுவில் துளையோ இடைவெளியோ இல்லாததால் மழை அதன்மேல் வழுக்கி இறங்கிவிடும்.

தண்ணீர் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. தூங்கும் மனிதர் ஒருவர் ஓர் இரவில் மூச்சாகவும் வியர்வையாகவும் ஒரு தம்ளர் அளவு நீரை வெளியே விடுகிறார். இரண்டு பேர் என்றால் இரண்டு தம்ளர். அவ்வளவு சின்ன அறையில் அது எங்கே போகும்? குளிர்ந்த சுவரில் படிந்து வழியும். ஆகவே ஜன்னலை விரற்கடை திறந்துவைத்து, கூரை விசிறியை மெதுவாக ஓடவிட்டுத்தான் தூங்க வேண்டும். மூச்சுக்காற்றுக்கும் அது தேவை. இந்தக் கூட்டுக்குள் அடுப்போ கரி அடுப்போ ஒருபோதும் ஏற்றக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. சமையலறையை வெளியே வைத்த அந்த முதல் யோசனை எவ்வளவு நல்லது என்பது இங்கேதான் புரிகிறது.

இதைப் படித்தவர்கள் எல்லோரும் வண்டி கட்டப்போவதில்லை. வளைவின் கணக்கை மட்டும் கைப்படச் செய்து பார்த்துவிடுங்கள். மெல்லிய பிளைவுட்டில் இரண்டு விரல் அகலத்தில் ஒரே தடிமனுள்ள இரண்டு பட்டை அறுத்துக்கொள்ளுங்கள். நடுவே மரப்பசை தடவி, பெரிய அண்டா ஒன்றின் வெளிப்புறத்தில் வைத்து வளைத்துக் கயிற்றால் இறுகக் கட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். மறுநாள் கயிற்றை அவிழ்த்தால், வளைவில் நாலில் மூன்று பங்கு அப்படியே நிற்கும்.